கிளினிக் நாளில் வகுப்பில் யார் இல்லை? — நம் பகுதிச் சுகாதார சேவை பற்றிச் சில வார்த்தைகள்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது வாசியுங்கள், வாசித்துவிட்டுத் திட்டுவதென்றாலும் திட்டுங்கள்.

தேர்தல் ஒன்று கிட்ட வந்தால் நம் பகுதியில் தவறாமல் ஒரு கோரிக்கை எழும்பும். "எங்கள் ஊர் வைத்தியசாலையைத் தரமுயர்த்து." வாழைச்சேனையில் கேட்பார்கள், ஓட்டமாவடியில் கேட்பார்கள், அந்தப் பக்கம் கிரானிலும் வாகரையிலும் கேட்பார்கள். பதாகை அடிக்கப்படும், மகஜர் கையளிக்கப்படும், அரசியல்வாதி படம் எடுத்துக்கொள்வார். பிறகு ஒரு கட்டடம் வரும். சில நேரம் அந்தக் கட்டடத்துக்குள் ஆட்களும் வருவார்கள். இந்தக் கோரிக்கையை நாங்கள் கிண்டல் செய்யவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் நின்று பார்க்கும் எங்களுக்கு வேறொன்று தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆசிரியர்களான எங்கள் கையில் வரவு இடாப்பு இருக்கிறது. வியாதியின் கணக்கை வைத்தியசாலைகள் வைத்திருக்கலாம். அந்த வியாதி ஒரு வீட்டில் யாருடைய நாளைத் தின்கிறது என்ற கணக்கு இடாப்பில்தான் கிடக்கிறது. மாதத்தில் ஒரு நாள், ஒரே கிழமையில், ஒரே பிள்ளை வராது. மறுநாள் கேட்டால் "மூத்தம்மாவோட கிளினிக் போன சேர்" என்று பதில் வரும். அநேகமாக அது பெண் பிள்ளை, பத்தாம் பதினோராம் வகுப்பு. வாப்பா கட்டாரில் இருப்பார், அல்லது கடலுக்குப் போயிருப்பார், அல்லது அன்றைக்குக் கூலி வேலை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. உம்மாவுக்குச் சின்னக் குழந்தை. ஆகவே மூத்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போவது சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய பிள்ளை.

அங்கே அந்தப் பிள்ளைக்கு மூன்று வேலை. வரிசையில் இடம் பிடிப்பது ஒன்று. கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை வாசித்து எந்தக் குளிசை எந்த நேரம் என்று விளங்கிக்கொள்வது இரண்டு. வைத்தியர் தமிழ் தெரியாதவராக இருந்தால், தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பெரியவரின் உடம்பு விடயங்களைச் சொல்வது மூன்று. மூன்றாவதுதான் எங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது. ஒரு வயதான பெண் தன் மறைவான வருத்தத்தைப் பேரப்பிள்ளையின் வாயால் ஒரு அந்நிய ஆணுக்குச் சொல்லவேண்டும். பலர் சொல்வதே இல்லை. "ஒன்றுமில்லை, சீனி மருந்து மட்டும் தாங்க" என்று வந்துவிடுகிறார்கள்.

இனி "இலவசம்" என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். டொக்டருக்குக் காசில்லை, டிக்கட்டுக்குக் காசில்லை, இருக்கும் மருந்துக்குக் காசில்லை. சரி. ஆனால் ஒரு முதியவரை வீட்டிலிருந்து கொண்டுபோகும் ஆட்டோவுக்குக் காசு. மட்டக்களப்புக்கு அனுப்பினால் முப்பது கிலோமீற்றருக்கு மேல் பஸ், கூடப் போகும் ஆளுக்கும் சேர்த்து. விடிய ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் போய் இரத்தம் கொடுத்து மதியம் மட்டும் இருந்தால் தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் காசு. "இந்தப் பரிசோதனை இங்கே செய்ய முடியாது, வெளியில் செய்து வாருங்கள்" என்றால் அதற்குக் காசு. "இந்தக் குளிசை முடிந்துவிட்டது" என்று துண்டு தந்தால் பாமஸிக்குக் காசு. கூட வந்தவரின் நாட்கூலி போனது தனிக் கணக்கு.

இது நம் ஊர்ப் புலம்பல் மட்டும் இல்லை. இலங்கையின் மொத்தச் சுகாதாரச் செலவில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து போடும் காசு. இலவச சுகாதாரத்துக்குப் பெயர் போன நாட்டில்தான் இது. அந்தக் காசில் பெரும்பங்கு தனியார் சனலிங்குக்கும், லேபுக்கும், பாமஸிக்கும் போகிறது.

அதற்காக நம் இலவச சேவையை யாராவது இளக்காரமாகப் பேசினால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு பிரதேசம், அதற்கென்று ஒரு வைத்திய அதிகாரி, பரிசோதகர்கள், மருத்துவிச்சிமார். இன்றைக்கு நாம் எம்.ஓ.எச். ஒஃபீஸ் என்று சொல்வதன் மூலம் அதுதான். 1950-களின் தொடக்கத்தில் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1971-இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கும் முறை வந்தது, 1977-இல் அதுவும் போனது. வெறும் 25 சதம்தானே என்று இன்றைக்குச் சிரிக்கலாம். அந்தக் காலத்தில் அதைக்கூட எதிர்த்த மக்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். 1971-இல்தான் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனமும் வந்தது. பேராசிரியர் சேனக பிபிலே, கம்பனிப் பெயரில் விலை கூடிய மருந்தை வாங்காமல் மருந்தின் உண்மைப் பெயரில் மலிவாக வாங்கலாம் என்று நாட்டுக்குக் காட்டியவர். அந்த முறை பல ஏழை நாடுகளுக்கு வழிகாட்டியது.

2016-இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்று தந்தது. இந்த மாவட்டத்தில் யுத்த காலத்தில் மலேரியாக் காய்ச்சலில் கிடந்தவர்களைக் கேட்டால் அதன் பெறுமதியைச் சொல்வார்கள்.

இப்போது எங்கள் வாதத்தின் நடுவுக்கு வருகிறோம். இந்த நாட்டில், ஏன் நம் ஊரிலேயே, ஒரு சேவை ஒழுங்காக நடக்கிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கான சேவை. ஒரு பெண் கர்ப்பம் என்று தெரிந்தவுடன் அந்தப் பகுதி மருத்துவிச்சியின் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. அவர் வீட்டுக்கு வருகிறார். கிளினிக்குக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடி வருகிறார். ஸ்கூட்டியில் மழைக்குள்ளும் வருவார். குழந்தை பிறந்த பிறகும் வருவார், ஊசித் திகதி சொல்வார், நிறை பார்ப்பார். அவருக்கு வீடு தெரியும், மாமியாரின் குணம் தெரியும், எந்தப் பிள்ளை சாப்பிடாது என்று தெரியும். இதனால்தான் இந்த நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில் நடக்கிறது. தாய் மரணமும் மிகவும் குறைந்திருக்கிறது.

அதே வீட்டின் அடுத்த அறையில் அந்தப் பெண்ணின் மாமியார் இருக்கிறார். சீனி வருத்தம், பிரஷர், காலில் ஒரு ஆறாத புண். அவரைத் தேடி யாரும் வருவதில்லை. அவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இரண்டு கிளினிக் தவறவிட்டால் கேட்க ஆளில்லை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு டொக்டர், ஒவ்வொருவரும் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து அதே மருந்தை மறுபடி எழுதுகிறார். கொப்பி மழையில் நனைந்தால் அவருடைய பத்து வருட வரலாறும் போய்விட்டது.

ஒரே வீடு, ஒரே அரசாங்கம். மருமகளைத் தேடி அரசாங்கம் வருகிறது. மாமியார் அரசாங்கத்தைத் தேடி ஓடுகிறார்.

இதற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை. நம் சுகாதார அமைப்பு கட்டப்பட்ட காலத்தில் மக்கள் மலேரியாவிலும் வயிற்றோட்டத்திலும் பிரசவத்திலும் செத்தார்கள். அதற்கென்று கட்டினார்கள், அதில் வென்றார்கள். இன்றைக்கு இலங்கையில் நடக்கும் மரணங்களில் பத்தில் எட்டு தொற்றா நோய்களால். இருதயம், சீனி, பிரஷர், சிறுநீரகம், புற்றுநோய். வியாதி மாறிவிட்டது, அமைப்பு மாறவில்லை.

கொஞ்சம் தூரம் போய் வருவோம். நம் நாட்டுப் பிள்ளைகள் மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்கும் பெலாரஸுக்கும் போகிறார்கள் அல்லவா? அந்தப் பக்கத்து நாடுகளின் கதை நமக்கு மிகக் கிட்டிய கதை.

சோவியத் ஒன்றியத்தில் எல்லாருக்கும் வைத்தியம் இலவசம். 1918-இல் நிக்கொலாய் செமாஷ்கோ என்ற முதல் சுகாதார ஆணையாளர் காலத்திலிருந்து அப்படிக் கட்டினார்கள். கிராமங்களில் டொக்டருக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற உதவி வைத்தியரும் மருத்துவிச்சியும் இருக்கும் சின்ன நிலையம், நகரங்களில் பெரிய வெளிநோயாளர் நிலையம், அதற்கு மேல் வைத்தியசாலைகள். தொற்றுநோய்களை அடக்கினார்கள். 1978 செப்டம்பரில் உலக நாடுகளெல்லாம் ஒன்றுகூடி "ஆரம்ப சுகாதாரமே அடிப்படை" என்று பிரகடனம் செய்ததும் அங்கேதான், கஸகஸ்தானின் அல்மா அட்டா நகரில். (அதே வருடம் நவம்பரில்தான் நம் மாவட்டத்தைச் சூறாவளி புரட்டிப்போட்டது. பெரியவர்களுக்கு 78 என்றால் அதுதான் ஞாபகம் வரும்.)

ஆனால் பிரகடனம் நடந்த அந்த நாட்டிலேயே காசு போனது பெரிய வைத்தியசாலைகளுக்கும் கட்டில்களுக்கும். உலகிலேயே வைத்தியர் தொகையும் கட்டில் தொகையும் மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இருந்தது. எத்தனை கட்டில் இருக்கிறதோ அதற்கேற்ற பணம் கிடைக்கும், எனவே கட்டிலைக் கூட்டினார்கள். கிட்டத்திலிருக்கும் சாதாரண டொக்டருக்கு மரியாதை இல்லை. எதற்கெடுத்தாலும் விசேட நிபுணர். இதை வாசிக்கும்போது உங்களுக்கு வேறு யாராவது ஞாபகம் வருகிறார்களா?

1991-இல் ஒன்றியம் உடைந்தது. கட்டடங்கள் நின்றன, உள்ளே மருந்து இல்லை. வைத்தியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் ஒழுங்காக இல்லை. சட்டத்தில் இலவசம், நடைமுறையில் ஊசியும் பஞ்சும் கூட நோயாளி வாங்கிவர வேண்டும், டொக்டரின் கையில் தனியாக ஏதாவது வைக்கவேண்டும். ரஷ்யாவில் ஆண்களின் சராசரி ஆயுள் 1994-இல் 58-க்கும் கீழே இறங்கியது. தடுப்பூசி ஒழுங்கு குலைந்ததால் தொண்டைக்கரப்பான் திரும்பி வந்தது. 1990-களில் அந்த நாடுகளில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அது பிடித்தது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். தடுப்பூசி போடவேண்டாம் என்று வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புபவர்கள் இந்த ஒரு வரியையாவது இரண்டு தரம் வாசிக்கட்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியில் போனது. ஜோர்ஜியா 2007-இல் வைத்தியசாலைகளைத் தனியாருக்குக் கொடுக்கத் தொடங்கியது. காப்புறுதிக் கம்பனிகளும் மருந்துக் கம்பனிகளும் வாங்கின. கட்டடங்கள் பளபளத்தன. 2013-இல் அரசாங்கம் எல்லாருக்கும் சுகாதாரத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தியசாலைச் செலவைப் பொறுப்பெடுத்தது. ஆனால் வீட்டில் விழுங்கும் தினசரிக் குளிசைக்கு மக்கள் சொந்தக் காசையே கொட்டினார்கள். ஒப்பரேஷன் இலவசம், ஒப்பரேஷன் வராமல் தடுக்கும் குளிசை காசுக்கு! 2017-இல்தான் வறிய குடும்பங்களின் சீனி, இருதய நோயாளிகளுக்கென்று மருந்துத் திட்டம் ஒன்றைத் தனியாகத் தொடங்கினார்கள். பத்து வருடம் கட்டடத்துக்குப் பின்னால் ஓடிய பிறகு வந்த ஞானம்.

கிர்கிஸ்தான் நம்மைப் போல ஏழை நாடு, முஸ்லிம்கள் பெரும்பான்மை. அங்கே 1996-இல் தொடங்கிய சீர்திருத்தத்தில் ஒரு காரியம் செய்தார்கள், கேட்டால் நம் ஊரில் ஹர்த்தால் போடுவார்கள். தேவைக்கு மேல் இருந்த வைத்தியசாலைக் கட்டடங்கள் பலவற்றை மூடினார்கள். குளிர் நாடு, கட்டடத்தைச் சூடேற்றும் செலவே பெரும் செலவு. மிச்சப்பட்ட காசை நோயாளிகளின் மருந்துக்கும் ஊழியருக்கும் திருப்பினார்கள். சின்னச் சின்ன நிதிகளை ஒன்றாக்கி ஒரே காப்புறுதி நிதியத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். குடும்ப வைத்தியர் எழுதிக்கொடுத்தால் ஊர் பாமஸியில் சில முக்கிய மருந்துகளைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். எல்லாம் பொன்னாக நடக்கிறதென்று சொல்லவில்லை. அங்கும் கையில் காசு வைக்கும் பழக்கம் முழுக்கப் போகவில்லை, நல்ல டொக்டர்கள் ரஷ்யாவுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் காசு எங்கே வீணாகிறது என்று பார்க்கும் தைரியம் இருந்தது.

எஸ்தோனியா வேறு மாதிரி. மொத்தச் சனத்தொகை சுமார் 13 இலட்சம், நம் கிழக்கு மாகாணத்தை விடக் குறைவு. 1990-களிலேயே குடும்ப வைத்தியத்தைத் தனித் துறையாக்கி, ஒவ்வொரு ஆளையும் ஒரு குடும்ப வைத்தியரின் பட்டியலில் சேர்த்தார்கள். 2010-இலிருந்து மருந்துத் துண்டு கணினியில். நாட்டின் எந்த பாமஸிக்குப் போனாலும் அடையாள அட்டையைக் காட்டி மருந்து எடுக்கலாம். உக்ரைனும் 2018-இல் அதே வழிக்கு வந்தது. மக்கள் தாங்களே ஒரு குடும்ப வைத்தியரைத் தெரிவு செய்து கையொப்பமிட்டார்கள், எத்தனை பேர் பதிந்தார்களோ அதற்கேற்ப அந்த வைத்தியருக்குப் பணம். பிறகு யுத்தம் வந்தது வேறு கதை.

இந்த நாடுகளையெல்லாம் அடுக்கியது எங்கள் பொது அறிவைக் காட்ட அல்ல. வழிகள் வேறு வேறு. ஆனால் கொஞ்சமாவது உருப்பட்ட இடங்களிலெல்லாம் ஒரு காரியம் நடந்திருக்கிறது. "இந்த ஆள் என் பொறுப்பு" என்று சொல்லும் ஒரு வைத்தியரை, நோயாளியின் வீட்டுக்குக் கிட்ட வைத்தார்கள். நம் மருத்துவிச்சி நூறு வருடமாகச் செய்துவரும் வேலையைச் சீனி, பிரஷர்காரருக்கும் செய்தார்கள், அவ்வளவுதான்.

நம் அரசாங்கத்துக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 2018-இல் கொள்கையே எழுதியாகிவிட்டது. ஒரு பெரிய வைத்தியசாலை, அதைச் சுற்றி பிரதேச வைத்தியசாலைகளும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்பு நிலையங்களும், எல்லாம் ஒரே கொத்தாக இயங்கவேண்டும். ஒவ்வொரு ஆளும் தன் கிட்டிய நிலையத்தில் பதியப்படவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு சுகாதார இலக்கம். மேலே அனுப்பினால் விபரமும் கூடப் போகவேண்டும், திரும்பி வரும்போது விபரமும் திரும்பவேண்டும். இதற்காக உலக வங்கி 2018-இல் 200 மில்லியன் டொலர் தர ஒப்புக்கொண்டது. நடுத்தர வயதினருக்குச் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கும் நிலையங்கள் அதற்கு முன்பே தொடங்கப்பட்டன.

கேள்வி இதுதான். இதை வாசிக்கும் உங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு நிலையம் எங்கே, எந்தக் கிழமை இயங்குகிறதென்று தெரியும்? நாங்கள் பெற்றோர் கூட்டங்களில் கேட்டுப் பார்த்தோம். பெண்கள் சிலருக்குத் தெரிந்தது. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பிறகு 2022 வந்தது. டொலர் இல்லை, மருந்து இல்லை. நம் மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. படித்த டொக்டர்கள் நூற்றுக்கணக்கில் விமானம் ஏறினார்கள். அடுத்த வருடம் தரமற்ற ஊசிமருந்து விவகாரம் வெளியில் வந்து, 2024 பெப்ரவரியில் சுகாதார அமைச்சராக இருந்தவரே கைது செய்யப்பட்டார். 1991-இல் அந்த நாடுகளில் நடந்ததை நாம் ஒரு வருடத்தில் தொட்டுப் பார்த்தோம். முழுக்க விழாமல் நம்மைத் தாங்கியது என்னவென்று நினைக்கிறீர்கள்? பெரிய கட்டடங்கள் அல்ல. எரிபொருள் இல்லாத நாட்களிலும் சைக்கிளிலும் நடையிலும் வேலைக்கு வந்த தாதிமாரும் மருத்துவிச்சிமாரும். இதில் நம் ஊர்ச் சகோதரிகளும் உண்டு, தமிழ்ச் சகோதரிகளும் உண்டு.

இதைச் சொல்லும்போது கசப்பான ஒன்றையும் சொல்லாமல் போக முடியாது. கொரோனா காலத்தில் ஜனாஸாக்களை எரித்தார்கள். எரிப்பார்களோ என்ற பயத்தில் மூச்சு முட்டியும் வைத்தியசாலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். 2021 மார்ச்சிலிருந்து நம் பக்கத்து மஜ்மா நகரில்தான் நாடெங்கிலும் இருந்து வந்த உடல்கள் அடக்கப்பட்டன, எல்லா இனத்தவரும், மூவாயிரத்துக்கும் மேல். 2024-இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நல்லது. ஆனால் நம்பிக்கை என்பது அமைச்சரவைத் தீர்மானத்தால் திரும்பி வருவதில்லை. தெரிந்த முகமுள்ள ஒரு டொக்டரும், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு தாதியும் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். கிட்டிய வைத்தியம் வேண்டுமென்று நாங்கள் சொல்வதில் இதுவும் ஒரு காரணம்.

இனி நம் ஊர் அரசியலுக்கு வருவோம், இதில் கொஞ்சம் பேருக்குக் கோபம் வரும். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வைத்தியசாலை, அந்தப் பக்கம் ஒரு வைத்தியசாலை. அது அவர்களுடையது, இது எங்களுடையது. அங்கே நிபுணர் வந்தால் இங்கே ஏன் இல்லை. அங்கே ஸ்கேன் வந்தால் இங்கேயும் வேண்டும். இப்படி இரண்டு பக்கமும் ஒரே பொருளைக் கேட்டு, இரண்டு பக்கமும் அரைகுறையாகப் பெற்று, கடைசியில் இரு சாராரும் ஒரே பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போகிறார்கள். நோயாளர் விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறார்கள். வாகரையிலிருந்து வரும் தமிழ் அம்மாவுக்கும் காவத்தமுனையிலிருந்து வரும் உம்மாவுக்கும் ஒரே சீனி வருத்தம், ஒரே குளிசை, ஒரே துண்டு. நிபுணரும் சத்திரசிகிச்சைக் கூடமும் ஒரு இடத்தில் ஒழுங்காக இருக்கட்டும். அது யாருடைய பக்கம் என்பது எங்களுக்கு முக்கியமில்லை. மாதக் குளிசையும் இரத்தப் பரிசோதனையும் எல்லாருடைய பக்கத்திலும் இருக்கட்டும்.

"அப்படியென்றால் ஆதார வைத்தியசாலைக்கு வசதி வேண்டாமா, நெஞ்சுவலி வந்தால் மருத்துவிச்சியையா கூப்பிடுவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேண்டும். அவசரத்துக்கு 1990 அம்பியூலன்ஸ் வந்திருப்பது பெரிய நிஃமத். அது கொண்டுபோகும் இடத்திலும் ஆள் இருக்கவேண்டும். ஆனால் நெஞ்சுவலியோடு வருபவர்களில் எத்தனை பேர் பத்து வருடம் பிரஷர் மருந்தை விட்டு விட்டுக் குடித்தவர்கள்? சிறுநீரகம் பழுதாகி வாரத்தில் இரண்டு மூன்று தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்களில் எத்தனை பேர் சீனியைக் கட்டுப்படுத்தாதவர்கள்? மேலே கூட்டம் குறையவேண்டுமென்றால் கீழே அடைக்கவேண்டும். இதற்கு வைத்தியப் படிப்பு தேவையில்லை. கூரை ஒழுகும்போது வாளியை மட்டும் பெரிதாக்கிக்கொண்டிருக்க முடியுமா?

நம் சமூகத்தின் கொடைத்தன்மையையும் இங்கே பேசவேண்டும். ஒரு சகோதரருக்கு இருதய ஒப்பரேஷன், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை என்றால் இரண்டு நாளில் இலட்சக்கணக்கில் சேர்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்புகிறார்கள், பள்ளிவாசல்கள் ஜும்ஆவில் சேர்க்கின்றன. அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். கால் எடுத்தவருக்குச் சக்கர நாற்காலியும் வாங்கிக் கொடுக்கிறார்கள். அதே மனிதர் அந்தக் கால் இருந்த காலத்தில், மாதம் சில ஆயிரம் ரூபாய் மருந்துக்கு வழியில்லாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிசை போட்டது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அதற்குப் படம் இல்லை, வங்கிக் கணக்கு இலக்கத்தோடு பதிவு இல்லை. பைத்துஸ் ஸகாத் நிதியில் ஒரு சிறு பங்கை இந்த மாதக் குளிசைக்கு ஒதுக்கலாமா என்று உலமாக்களும் நிர்வாகிகளும் பேசிப் பார்க்கவேண்டும். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆளல்ல, கேட்க மட்டும் செய்கிறோம்.

இன்னொன்று, சனலிங். 1977-இலிருந்து அரச டொக்டர்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்க அனுமதி உண்டு. அதைக் குற்றம் என்று சொல்லவரவில்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் நம் மக்கள் ஏன் காசு கொடுத்துப் போகிறார்கள் என்று பாருங்கள். மருந்து வித்தியாசம் என்பதற்காக இல்லை. மாலையில் போகலாம், கூலி போகாது. டொக்டர் ஐந்து நிமிடமாவது முகத்தைப் பார்த்துப் பேசுவார். அடுத்த முறையும் அதே டொக்டர். இந்த மூன்றையும் அரச பிரதேச வைத்தியசாலையில் வாரத்தில் இரண்டு மாலையாவது கொடுத்தால் எத்தனை வீட்டில் காசு மிச்சம்?

எனவே அடுத்த முறை மகஜர் எழுதுபவர்களிடம், வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் இருக்கும் பெரியவர்களிடம், வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடம் நாங்கள் கேட்கச் சொல்வது கட்டடம் இல்லை. சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மருந்துகள் நம் பிரதேச வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் மாதம் முழுக்க இருக்கிறதா, எத்தனை நாள் இல்லாமல் போனது என்று அறிவித்தல் பலகையில் எழுதி ஒட்டுங்கள் என்று கேளுங்கள். வாரத்தில் இரண்டு மாலை கிளினிக் கேளுங்கள். இரத்தத்தை இங்கே எடுத்து மாதிரியை மட்டும் மட்டக்களப்புக்கு அனுப்புங்கள், ஆளை அனுப்பாதீர்கள் என்று கேளுங்கள். கிளினிக் கொப்பியில் மருந்து நேரத்தைத் தமிழில், அல்லது குறைந்தது சூரியன், நிலா படம் போட்டாவது குறித்துத் தரச் சொல்லுங்கள். தமிழ் தெரியாத வைத்தியர் இருக்கும் அறையில் மொழி தெரிந்த ஒரு பெண் ஊழியரை வைக்கச் சொல்லுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளை மொழிபெயர்ப்பாளராக நிற்கவேண்டியதில்லை. இதில் எதற்கும் அடிக்கல் நாட்டு விழா தேவைப்படாது. அதனால்தான் இதுவரை எந்த அரசியல்வாதியும் இதைக் கேட்கவில்லையோ தெரியாது.

எங்களால் முடிந்தது ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்களோடு அடுத்த தவணையில் ஒரு வேலை செய்யலாம் என்று ஆசிரியர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். யாருடைய பெயரும் இல்லாமல், தங்கள் வீட்டிலிருந்து ஒருவர் கிளினிக் போன ஒரு நாளின் கணக்கை எழுதச் சொல்லப்போகிறோம். எத்தனை மணிக்குப் புறப்பட்டார், எத்தனை மணிக்குத் திரும்பினார், எவ்வளவு காசு போனது, எந்த மருந்து கிடைக்கவில்லை, கூடப் போனது யார். தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களோடும் பேசியிருக்கிறோம், அவர்களும் செய்யலாம் என்கிறார்கள். சேர்ந்ததும் இரண்டு பக்கத்துக் கணக்கையும் ஒரே கோவையாக எம்.ஓ.எச். ஒஃபீஸுக்கும் மாகாணச் சுகாதாரத் திணைக்களத்துக்கும் கொடுப்போம். உங்கள் பிள்ளை கொப்பியோடு வந்து கேட்டால், இந்த மாதத்து ஆட்டோக் காசையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.